போலியோ சிகிச்சைக்காகத் தொடங்கிய திருப்பதி மருத்துவமனை. தடுப்பு மருந்தையே ஆராய்ந்த வேலூர் குழந்தை மருத்துவர்

திருப்பதி: திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985ஆம் ஆண்டு திருப்பதியில் ‘பர்டு’ மருத்துவமனையைத் தொடங்கியபோது, இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த குழந்தைகளை எழுந்து நடக்க வைப்பது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. நாட்டில் கடைசியாக இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்டவர் மேற்கு வங்க மாநிலம் ஹவுராவைச் சேர்ந்த இரண்டு வயதுச் சிறுமி. அவருக்கு 2011 ஜனவரி 13ஆம் தேதி வாதம் ஏற்பட்டது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் பல்லாயிரம் களப்பணியாளர்களின் உழைப்பு உள்ளது. ஆனால், கொடுக்கப்படும் மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற சங்கடமான கேள்வியை முதலில் எழுப்பியவர்களுள் ஒருவர், திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் டி. ஜேக்கப் ஜான்.

எல்லைக்கு அப்பால் ஒரு ஆய்வகம்

வேலூருக்கும் சித்தூருக்கும் இடையில் இன்று மாநில எல்லை உள்ளது. 1911 வரை சித்தூர்தான் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். மாவட்டம் பிரிந்த பின்னரும் சித்தூர், திருப்பதிப் பகுதி மக்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வருவது தொடர்கிறது. குழந்தை மருத்துவமும் வைராலஜியும் பயின்ற ஜேக்கப் ஜான் 1960களின் பிற்பகுதியில் அங்கு பணியில் சேர்ந்தார். நாட்டின் முன்னோடி நோயறி வைராலஜி ஆய்வகங்களுள் ஒன்று அவரது பொறுப்பில் அங்கு உருவானது. 1986இல் சென்னையில் சேகரிக்கப்பட்ட ரத்த மாதிரிகளில் எச்ஐவி தொற்று முதன்முறையாகக் கண்டறியப்பட்டதும் அந்த ஆய்வகத்தில்தான்.

போலியோ வைரஸ் வாய்வழியே உடலுக்குள் புகுந்து குடலில் பெருகுகிறது. தொற்று ஏற்படும் சுமார் 200 பேரில் ஒருவருக்கு அது முதுகுத்தண்டு வடத்தில் தசைகளை இயக்கும் நரம்பு செல்களை அழித்துவிடுகிறது. அழிந்த செல்களை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. எனவே தடுப்பு மருந்து ஒன்றே வழி. மேலை நாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு நோயெதிர்ப்பு ஆற்றல் கிடைத்தது. இங்கும் அவ்வாறே கிடைக்கும் என்று நம்பப்பட்டது.

வேலூரில் ஜேக்கப் ஜான் மேற்கொண்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. 1972இல் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரை, வீரியம் குறையாத சொட்டு மருந்தை முறையாகக் கொடுத்தும் பல குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கூறுகள் உருவாகவில்லை என்பதைக் காட்டியது. ஐந்து தவணை கொடுத்துப் பார்த்த ஆய்வு 1976இல் வெளியானது.

அன்றைய பொதுவான விளக்கம் வேறாக இருந்தது. வெப்ப மண்டல நாடுகளில் மருந்தைக் குளிர்நிலையில் பாதுகாக்கத் தெரியவில்லை என்பதே அது. பழியைக் கிராமச் செவிலியர் மீதும் பழுதடைந்த குளிர்பதனப் பெட்டி மீதும் சுமத்துவது எளிது என்பதால், அந்த விளக்கம் நீண்ட காலம் நிலைத்தது எனலாம். வளரும் நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளைத் தொகுத்து 1991இல் வெளியான மதிப்பாய்வு, மூன்று தவணைக்குப் பிறகு முதலாம் வகை வைரஸுக்கு 73 விழுக்காடு, இரண்டாம் வகைக்கு 90 விழுக்காடு, மூன்றாம் வகைக்கு 70 விழுக்காடு குழந்தைகளிடமே எதிர்ப்பாற்றல் உருவானதாகக் கணக்கிட்டது. அதாவது, அட்டவணைப்படி மருந்து பெற்ற நான்கு குழந்தைகளில் ஒருவர் முதலாம் வகை வைரஸிடமிருந்து பாதுகாப்பின்றி இருந்தார். தடுப்பு மருந்து கொடுத்தும் பிள்ளைக்கு வாதம் வந்துவிட்டதே என்று பெற்றோர் கேட்டதற்குக் காரணம் அவர்களது கவனக்குறைவு அல்ல.

வட இந்தியாவில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவணை சொட்டு மருந்து 9 விழுக்காடு குழந்தைகளுக்கு மட்டுமே முதலாம் வகைக்கு எதிரான பாதுகாப்பை அளித்ததாக 2006இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நெருக்கமான குடியிருப்புகளும், வயிற்றுப்போக்கும், குடலில் ஏற்கெனவே உள்ள பிற கிருமிகளும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

ஒரே நேரத்தில் அனைவருக்கும்

மருந்தின் ஆற்றல் குறைவு என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தவணைகளை அதிகரித்து, ஒரு பகுதியிலுள்ள அத்தனை குழந்தைகளுக்கும் குறுகிய காலத்துக்குள் கொடுத்து வைரஸின் பரவலைத் தடுப்பது. இந்த முறையை வேலூர் நகரில் செயல்படுத்தி, போலியோ பாதிப்பு வெகுவாகக் குறைந்ததை ஜேக்கப் ஜான் குழுவினர் 1983இல் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அக்கட்டுரையின் தலைப்பிலேயே ‘பல்ஸ்’ என்ற சொல் இடம்பெற்றிருந்தது. 1995 டிசம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ‘பல்ஸ் போலியோ’ முகாம்கள் வழியே அந்தச் சொல் வீட்டுக்கு வீடு சென்றடைந்தது.

மற்றொரு வழி ஊசி மருந்து. இதில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ் என்பதால், குடலின் நிலை அதன் ஆற்றலைப் பாதிப்பதில்லை. இந்தியக் குழந்தைகளிடம் அது நல்ல பலன் தருவதை வேலூர் ஆய்வு ஒன்று 1983இலேயே எடுத்துக்காட்டியது. சொட்டு மருந்தில் உள்ள உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் மிக அரிதாகத் தானே வாதத்தை உண்டாக்கக்கூடும் என்பதையும் ஜேக்கப் ஜான் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்தார். விலை, உற்பத்தி, ஊசி போடும் பணியாளர் பற்றாக்குறை ஆகியவற்றைக் காட்டி இக்கோரிக்கை தள்ளிப்போடப்பட்டது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ஊசி மருந்து சேர்ந்தது 2015 நவம்பரில். ஆந்திரமும் தமிழகமும் அடங்கிய தென் மாநிலங்களில் 2016இல். இடையில் கடந்தவை முப்பது ஆண்டுகளுக்கும் மேல்.

எந்த ஊரில் எத்தனை குழந்தைகளுக்கு நோய் வந்தது என்று தெரியாமல் எதையும் கட்டுப்படுத்த முடியாது என்பதும் அவரது வாதம். வட ஆற்காடு மாவட்டத்தில் மருத்துவர்கள் அஞ்சலட்டையில் நோய் விவரம் அனுப்பும் கண்காணிப்பு முறையை அவரது குழு நடத்தியது. செலவு குறைந்த அந்த முறை குறித்த கட்டுரை 1998இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது.

வாதம் வந்த பிறகு

ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இவற்றால் பயனில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது அறுவை சிகிச்சை. தொடையின் முன்தசை செயலிழந்த குழந்தை, ஒவ்வொரு அடிக்கும் கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடக்கும்; இல்லையெனில் முழங்கால் மடங்கிக் கீழே விழும். நிற்கவே இயலாத குழந்தை தவழ்ந்தே வளரும்போது, இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். இறுகிய திசுக்களை விடுவித்து, மாவுக்கட்டு போட்டு, பின்னர் உலோகத் தாங்கியான காலிபர் பொருத்துவது ஒரு கட்டம். செயல்படும் தசையின் நாணை இடம் மாற்றி, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யவைப்பது மற்றொன்று. குழந்தை வளர வளர காலிபரையும் மாற்ற வேண்டும். பல ஆண்டுகள் நீளும் இச்சிகிச்சை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்த காலத்தில், பர்டு போன்ற மருத்துவமனைகளின் இலவச சேவைக்குத் தனி மதிப்பு இருந்தது.

அன்று சிகிச்சை பெற்ற குழந்தைகள் இன்று நடுத்தர வயதினர். தொற்று ஏற்பட்டு 15 முதல் 40 ஆண்டுகளுக்குப் பிறகு, புதிய தசைத் தளர்ச்சி, வலி, மிகுந்த சோர்வு ஆகியவை சிலருக்குத் தோன்றுகின்றன. ‘போலியோவுக்குப் பிந்தைய பாதிப்பு’ எனப்படும் இது மீண்டும் வந்த தொற்று அல்ல. எஞ்சிய நரம்பு செல்கள் பல ஆண்டுகள் கூடுதல் சுமை தாங்கியதன் விளைவாக இது கருதப்படுகிறது. வயதானால் வரும் வலி என்று ஒதுக்காமல், பழைய போலியோ விவரத்தை மருத்துவரிடம் கூறுவது அவசியம்.

குழந்தைகளின் மாற்றுத்திறன் குறித்த கவலையும் இடம் மாறியுள்ளது. நாட்டின் ஐந்து இடங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் சுமார் 12 விழுக்காட்டினருக்கு மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடு ஏதேனும் ஒன்று இருப்பதாகக் கண்டது. பெருமூளை வாதம், செவித்திறன் குறைவு, ஆட்டிசம், வலிப்பு ஆகியன இவற்றுள் அடங்கும். தடுப்பு மருந்தால் தீராத இவற்றுக்கு, முதல் சில ஆண்டுகளிலேயே கண்டறிந்து பயிற்சி தொடங்குவது பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இதற்காக மாவட்ட அளவில் மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன.

போலியோ அபாயமும் முற்றிலும் நீங்கவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கையான வைரஸ் இன்னும் பரவுகிறது. 2024இல் மேகாலயாவில் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தடுப்பு மருந்திலிருந்து உருவான வைரஸால் வாதம் ஏற்பட்டது.

தற்போதைய தேசிய அட்டவணைப்படி, பிறந்தவுடனும் 6, 10, 14ஆவது வாரங்களிலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் சொட்டு மருந்து அளிக்கப்படுகிறது. ஊசி மருந்து 6, 14ஆவது வாரங்களிலும் 9 முதல் 12 மாதங்களுக்குள்ளும் போடப்படுகிறது. மூன்றாவது ஊசி 2023 ஜனவரியில்தான் சேர்க்கப்பட்டது என்பதால், அதற்கு முன்பே 12 மாதங்களைக் கடந்துவிட்ட குழந்தைகளின் அட்டையில் அது இடம்பெற்றிருக்காது. அட்டையில் ஏதேனும் தவணை விடுபட்டிருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.