முட்டிவலிக்கு ஒட்டுவதும் புற்றுநோய் வலிக்கு ஒட்டுவதும் ஒன்றல்ல! வலி பேட்ச் ஒட்டும் முன் இதைப் படியுங்கள்

சிதம்பரம் மேலவீதியிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "முட்டிவலிக்கு ஒட்டுறது ஒண்ணு குடுங்க" என்று கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் இருக்காது. 'ஒட்டுறது', அவ்வளவுதான். பெல்லடோனா பிளாஸ்டர் காலத்திலிருந்தே நமக்குப் பழகிப்போன சொல் அது. சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர் கோடாலித் தைலத்தோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் சலோன்பாஸையும் நாம் அதே கணக்கில்தான் சேர்க்கிறோம்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்று இந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல மருந்துகள் இருக்கின்றன. ஒன்று, தைலத்துக்குத் தம்பி முறை. இன்னொன்று, மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமானது. தவறான ஆளின் உடம்பில் ஒட்டினால் மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரியான மெல்லிய ஸ்டிக்கர்கள்தான். வீட்டில் தாத்தாவுக்கோ அம்மாவுக்கோ பேட்ச் ஒட்டுகிறீர்கள் என்றால், அது எந்த வகை என்பதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைப் பார்த்துவிடலாம். முட்டிவலி, தோள்பட்டை வலி, சுளுக்கு ஆகியவற்றுக்கு மெடிக்கல்களில் பரவலாகக் கிடைப்பது டைக்ளோஃபெனாக் பேட்ச். வலிக்குப் போடும் மாத்திரையில் இருக்கும் அதே மருந்துதான். மாத்திரையாக விழுங்கினால் அது வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் முட்டிக்கு வருகிறது. வருகிற வழியில் வயிற்றுப் புண், சிறுநீரக பாதிப்பு, ரத்த அழுத்தம் என்று கூலியும் வாங்கிக்கொள்கிறது. வலிக்கிற இடத்திலேயே மேல்பூச்சாகவோ பேட்ச்சாகவோ போடும்போது அந்தச் செலவு குறைகிறது. இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2022-ல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதலும், முழங்கால் வலிக்கு வெளியே போடும் வலி மருந்தைத்தான் முதலில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது.

அதற்காக, 'வெளியேதானே ஒட்டுறோம், உள்ளே போகாது' என்று நினைத்துவிட வேண்டாம். குறைவாகப் போகும், ஆனால் போகும். சிறுநீரகப் பிரச்னை, ஆஸ்துமா, அல்சர் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதை ஒட்டக் கூடாது. காலையில் பேட்ச் ஒட்டிக்கொண்டு, 'இன்னும் வலி போகலை' என்று மதியம் அதே மருந்தை மாத்திரையாகவும் போட்டுக்கொள்வது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பேட்ச் எதற்காகவோ, அந்த நோக்கமே அதில் கெட்டுப்போகிறது.

அக்கி போனபிறகும் எரிகிறதா?

அக்கி வந்து ஆறியபிறகும் அந்த இடத்தில் மாதக்கணக்கில் எரிச்சல் இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டை உரசினால்கூட நெருப்பு பட்டதுபோலத் துடிப்பார்கள். காவியால் அக்கி எழுதிப் பார்த்தும் அது அடங்காது. ஏனென்றால், இது தோலின் வலியல்ல, வைரஸ் சேதப்படுத்திவிட்டுப்போன நரம்பின் வலி. இதற்கென்றே 5 சதவிகித லிடோகெய்ன் பேட்ச் இருக்கிறது. பல் பிடுங்கும் முன் மரத்துப்போக ஊசி போடுவார்களே, அதே குடும்பத்து மருந்து. அமெரிக்காவில் 1999-ல் அனுமதி பெற்றது. 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். புண் ஆறாத தோலில் ஒட்டக் கூடாது.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது மிளகாய் பேட்ச். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின்தான் அதில் மருந்து. காரமும் சூடும் நரம்பில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன என்பதை 1997-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரசம் காரமாக இருந்தால் 'சுடுது' என்று குழந்தைகள் சொல்வது தவறே இல்லை. கேப்சைசின் 8 சதவிகிதம் கொண்ட பேட்ச்சை மருத்துவமனையில் வைத்துத்தான் ஒட்டுவார்கள். அரை மணி நேரம் அல்லது ஒரு மணி நேரம் மட்டும். நரம்பு முனைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து, பல வாரங்களுக்கு வலியைக் குறைக்கிறது. வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசிப் பார்க்கும் விஷயமல்ல இது!

மூன்று நாள் மருந்து

இனி, ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டிய பகுதி. ஃபென்டனில் பேட்ச்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் ஜான்சென் 1960-ல் உருவாக்கிய மருந்து ஃபென்டனில். கொழுப்பில் எளிதாகக் கரையும். மிகச் சிறிய அளவே போதும். தோல் வழியாகச் செலுத்த ஒரு மருந்துக்கு வேண்டிய இந்த இரண்டு குணங்களும் இதற்கு உண்டு. புற்றுநோய் முற்றி, தாங்க முடியாத வலியோடு இருப்பவர்களுக்கு, குறிப்பாக வாய், தொண்டைப் புற்றுநோயால் மாத்திரையை விழுங்கவே முடியாதவர்களுக்கு, இது பெரிய வரம். ஒருமுறை ஒட்டினால் 72 மணி நேரம் வேலை செய்யும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்க ராத்திரியெல்லாம் கண்விழிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால், இதன் வீரியத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 25 மைக்ரோகிராம் வெளிவிடும் பேட்ச், ஒரு நாளைக்குக் குறைந்தது 60 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரைக்குச் சமம். மார்ஃபின் வகை மருந்துக்கு ஏற்கெனவே பழகிய உடம்பு மட்டும்தான் அதைத் தாங்கும். அதனால்தான் சாதாரண முதுகுவலிக்கும், ஆபரேஷன் முடிந்த தற்காலிக வலிக்கும் இதைக் கொடுப்பதில்லை. 'அவருக்கு நல்லாக் கேட்டுச்சே, எனக்கும் இடுப்பு வலிக்குது' என்று கணவரின் பேட்ச்சில் ஒன்றை எடுத்து மனைவி ஒட்டிக்கொண்டால், அடுத்த நாள் காலையில் எழுந்திருக்காமலே போகலாம்.

இன்னொரு விஷயம், இது மெதுவான மருந்து. முதல்முறை ஒட்டும்போது முழுமையாக வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வேறு மருந்து வேண்டும். 'ஒட்டி மூணு மணி நேரமாச்சு, ஒண்ணும் தெரியலை' என்று இன்னொன்றையும் ஒட்டிவிடுவது ஆபத்தில் முடியும். பிரித்தெடுத்தாலும் உடனே நிற்காது. தோலுக்கு அடியில் சேர்ந்திருக்கும் மருந்து தொடர்ந்து ரத்தத்தில் கசியும். எடுத்து சுமார் 17 மணி நேரம் கழிந்தபிறகும் ரத்தத்தில் பாதி அளவு இருக்கும்.

ஒத்தடம் வேண்டாம், ப்ளீஸ்!

வலி என்றால் நம் கை முதலில் போவது ஒத்தடத்துக்குத்தான். உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், நொச்சி இலை, இப்போது கரன்ட்டில் சூடாகும் ஹீட்டிங் பேட். பாட்டி காலத்து வைத்தியம், பாசத்தோடு செய்வது. ஃபென்டனில் பேட்ச்சின் மேல் அதை வைத்தால் அந்தப் பாசமே விஷமாகிவிடும். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, தோல் இளகுகிறது, மூன்று நாளைக்கு மெதுவாக இறங்க வேண்டிய மருந்து வேகமாக உள்ளே போகிறது. வெந்நீர்த் தொட்டியும் ஹீட்டிங் பேடும் கூடாது என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. எண்ணெய் தேய்த்து, ஆவி பறக்கும் வெந்நீரில் குளிக்கும் நம் சனிக்கிழமைக் குளியலும் இதில் சேர்த்திதான். வெதுவெதுப்பான நீரில் குளிக்கத் தடையில்லை.

வெளியிலிருந்து வரும் சூடு மட்டுமல்ல, காய்ச்சலும் இதே வேலையைச் செய்யும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்கிறது மருந்தின் விவரக்குறிப்பு. பேட்ச் ஒட்டியவருக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டருக்கு போன் போட வேண்டும்.

கடலூர், சிதம்பரம் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் வெயிலோடு கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். தேவனாம்பட்டினத்தில் வலை பிரித்துக்கொண்டோ சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வயல்களிலோ வெயிலில் நிற்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மத்தியான பஸ்ஸில் வெயில் படும் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதைக்கூட பேட்ச் ஒட்டியவர் தவிர்ப்பது நல்லது. வியர்வையில் ஓரம் பிரிந்துகொள்வது இன்னொரு தொல்லை. ஒட்டும் இடத்தை வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக ஈரம் உலர்ந்தபிறகு ஒட்ட வேண்டும். சோப்பு, பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. முடி இருந்தால் கத்தரியால் வெட்ட வேண்டும், ஷேவ் செய்தால் தோல் கீறிவிடும். ஒட்டியதும் உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதியாக வெட்டி ஒட்டுவது கூடவே கூடாது. ஓரம் பிரிந்தால் மேலே மெடிக்கல் டேப் ஒட்டலாம்.

ஓரம் பிரிவதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பேரக்குழந்தைகள் தாத்தா பாட்டியின் மேலேயே புரண்டு தூங்குவார்கள். கழன்ற பேட்ச் குழந்தையின் தோலில் ஒட்டிக்கொள்ளலாம், ஸ்டிக்கர் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளலாம். 1997-க்குப் பிறகு குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்த 26 சம்பவங்களை எஃப்.டி.ஏ 2012-ல் வெளியிட்டது. அவற்றில் 10 குழந்தைகள் இறந்துபோனார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு வயதோ அதற்குக் கீழோ. பழைய பேட்ச்சும் காலியான பேட்ச் அல்ல, மூன்று நாளுக்குப் பிறகும் அதில் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். பசையுள்ள பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்யச் சொல்கிறது எஃப்.டி.ஏ. இங்கே, மடித்துப் பத்திரப்படுத்தி, கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பித் தர முடியுமா என்று கேட்டுவிடுங்கள். குப்பைக்கூடையில் மட்டும் போடாதீர்கள்.

எழுப்பினாலும் எழாத தூக்கம், வழக்கத்துக்கு மாறான குறட்டை, மெதுவான மூச்சு, ஊசிமுனைபோலச் சுருங்கிய கண்மணி. இவை மருந்து அதிகமானதற்கான அறிகுறிகள். உடனே பேட்ச்சைப் பிரித்தெடுத்துவிட்டு 108-க்கு போன் செய்யுங்கள். பிரித்துவிட்டோமே என்று காத்திருக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்குப் போகிறவர்கள் எந்த வகை பேட்ச்சாக இருந்தாலும் முன்கூட்டியே அங்கே சொல்லிவிட வேண்டும். சில பேட்ச்களின் பின்புறத்தில் உலோகம் இருக்கும், ஸ்கேனில் சூடாகித் தோலைச் சுட்டுவிடும்.

பயத்தால் வலியோடு இருக்க வேண்டுமா?

இவ்வளவையும் படித்துவிட்டு, 'ஐயோ, அப்பாவுக்கு அது வேண்டாம்' என்று முடிவெடுத்தால் அதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. நம் நாட்டில் இந்த மருந்துகளால் வரும் பிரச்னையைவிட, இவை கிடைக்காமல் வரும் பிரச்னைதான் பெரிது. 2017-ல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கைப்படி, இப்படிப்பட்ட வலி மருந்துகளுக்கான தேவையில் இந்தியாவில் பூர்த்தியாவது சுமார் 4 சதவிகிதம்தான். 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தலைத் தடுக்க வந்தது. ஆனால், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கவே பல லைசென்ஸ்கள் வாங்க வேண்டிய நிலையையும் அது உருவாக்கிவிட்டது. திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா அமைப்பை நிறுவிய டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் பல வருடங்கள் போராடியபிறகு, 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' ஆகின. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இவற்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அதனால், தெருமுனை மெடிக்கலில் ஃபென்டனில் பேட்ச் கிடைக்கவில்லையென்றால் அது கடைக்காரரின் தவறல்ல. அங்கே தேடவே கூடாது. கடலூர்க்காரர்கள் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் பக்கத்தவர்கள் அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்ததுதான் அது. கேட்கும்போது 'வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். படுக்கையிலேயே இருப்பவர் என்றால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சிகிச்சை வீட்டுக்கே வருவதற்கும் வழி இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவரம் கேட்கலாம், 104-லும் கேட்கலாம்.

டாக்டர் முதலில் பேட்ச்சுக்குப் பதில் மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்தால் ஏமாற்றம் வேண்டாம். விழுங்க முடிகிறவர்களுக்கு அதுதான் முதல் மருந்து, விலையும் குறைவு, அளவைக் கூட்டிக் குறைப்பதும் சுலபம். வலி ஒரு நிலைக்கு வந்தபிறகு பேட்ச்சுக்கு மாறலாம். மாத்திரையோ பேட்ச்சோ, மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கான மருந்தையும் அதே சீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேட்ச்சாக இருந்தால், ஒட்டிய தேதியையும் நேரத்தையும் காலண்டரில் குறித்துவையுங்கள். அடுத்ததை ஒட்டும் முன் பழையதை எடுத்தாயிற்றா என்று முதுகையும் தோளையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். புதியதை வேறு இடத்தில் ஒட்டுங்கள்.