பழைய 'கார்வெட்' காரில் கம்பளத்தை தூக்கினால் பகீர்! பட்டி பூசி மறைத்த ஓட்டை உயிருக்கு உலை வைக்கும்

அமெரிக்காவின் 'கார்வெட்' ஸ்போர்ட்ஸ் காருக்கு "துருப்பிடிக்காத பாடி" என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் பழைய வண்டிகளில் தரைக்கம்பளத்தை தூக்கிப் பார்த்தால் சிலசமயம் பகீர் என்கிறது. வெடிப்பு, ஓட்டை, அதை மறைக்க மேலே பூசிய பட்டி!

இதன் விவரம் வருமாறு:-

கண்ணாடி நார்

செவர்லே கம்பெனி 1953-ம் ஆண்டு மிச்சிகன் மாநிலம் பிளிண்ட் நகரில் இந்த காரை தயாரிக்க ஆரம்பித்தது. அந்த ஆண்டு வெளிவந்தவை 300 கார்கள்தான். எல்லாமே வெள்ளை நிறம்.

பாடி தகரம் அல்ல, பைபர் கிளாஸ். அதாவது, பிசினில் ஊறி இறுகிய கண்ணாடி நார். காலை வைக்கும் தரையும் அதே பைபர்தான். 1976-ம் ஆண்டு மாடலில்தான் தரைக்கு இரும்புத் தகடு வந்தது.

ஜாக்கி செய்த வேலை

பைபர் துருப்பிடிக்காது. தகரம் போல நெளியவும் செய்யாது. அடி பலமாக விழுந்தால் வெடித்துவிடும்.

அடியில் உள்ள இரும்புச் சட்டத்தில் வைக்கவேண்டிய ஜாக்கியை தரையில் வைத்து ஏற்றினால் போச்சு! ஸ்பீக்கருக்கு, ஒயருக்கு என்று ஆளுக்கு ஒரு ஓட்டை போட்ட வண்டிகளும் உண்டு.

பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, கம்பளம் விரித்தால் ஓட்டை மறைந்துவிடும். ஆனால் வெறும் பட்டிக்கு பலம் கிடையாது. சீட்டை போல்ட் போட்டு முடுக்கியிருப்பது அந்த தரையில்தான். வேகமாக மோதினால் சீட் பிய்த்துக்கொண்டு போகலாம். உட்கார்ந்திருப்பவர் கதி?

சரியான வைத்தியம்

இதில் வெல்டிங் எடுபடாது. சீட், கம்பளம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு தரையை நாணயத்தால் தட்டிப் பார்க்கணும். 'டங்' என்றால் நல்ல இடம். 'டொக்' என்றால் உள்ளே அடுக்கு விட்டுப்போச்சு.

கெட்டதை தேய்த்து எடுத்து, ஓட்டையின் ஓரத்தை சரிவாக்க வேண்டும். கனம் 1 பங்கு என்றால் சரிவு 12 பங்கு. 3 மில்லிமீட்டர் தரைக்கு சுற்றிலும் 36 மில்லிமீட்டர். புதுசு பழசை பிடித்துக்கொள்வது இந்த சரிவில்தான்.

அசிட்டோன் போட்டு துடைத்து, அடியில் முட்டுக்கொடுத்து, பிசினில் நனைத்த நார்ப்பாயை அடுக்கடுக்காக ஒட்டி, உருளையால் காற்றுக்குமிழை விரட்டணும். காசிமேட்டில் பைபர் படகுக்கு ஒட்டுப்போடுவதை பார்த்தவர்களுக்கு இது புதுசல்ல.

ஜாக்கிரதை!

பாலியெஸ்டர் பிசினுக்கு இறுக்கும் மருந்து 100-க்கு 1 முதல் 2 பங்குதான். அதிகமானால் டப்பாவிலேயே சூடேறி புகை கிளம்பும். அந்த மருந்தையும் கோபால்ட் கரைசலையும் நேரடியாக கலந்தால் வெடிக்கும்! தேய்க்கும்போது பறக்கும் தூள் மூச்சோடு உள்ளே போகும். முகமூடி கட்டாயம்.

மறைந்திருக்கும் துரு

பைபர் பாடிக்குள்ளும் இரும்பு உண்டு. 1963-ம் ஆண்டு மாடல் முதல் முன்கண்ணாடி, கதவுகளை சுற்றி இரும்புக்கூடு இருக்கிறது. கண்ணாடி ஓரமாக ஒழுகும் தண்ணீர், கம்பளத்தையும் நனைத்து இந்த இரும்பையும் அரிக்கும். இரும்பு உளுத்துப்போன வண்டியில் தரையை மட்டும் ஒட்டி என்ன பயன்?

ஆகவே, பழைய கார்வெட் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டை பார்த்து மயங்கவேண்டாம். முதலில் கம்பளத்தை தூக்குங்கள். தூக்க விடமாட்டேன் என்றால், வண்டியும் வேண்டாம், பேரமும் வேண்டாம்!