ஒரு ரூபாய் ஷாம்புவின் உறை எங்கே போகிறது?

திருச்சி பொன்மலையில் எந்தப் பெட்டிக்கடைக்குப் போனாலும் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். கிழித்து, பிழிந்து, தலைக்குத் தேய்த்துக் குளிக்கப் பத்து நிமிடம் போதும். அந்த உறையோ மக்காமல் தலைமுறைகள் தாண்டிக் கிடக்கும். அன்றாட அழகுப் பொருள்களால் நேரும் கேடுகளில் நம் கண்ணெதிரே கிடப்பது இதுதான்.

கடலூர் தந்த பாக்கெட்

பாட்டில் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் ஷாம்பு கிடைக்க வேண்டும் என்று சாஷே என்னும் சிறு பாக்கெட் முறையைக் கொண்டுவந்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனத்தின் ‘சிக்’ ஷாம்பு கிராமங்கள்வரை போய்ச் சேர்ந்தது. தினக்கூலி வாங்கும் வீட்டுக்கு அது நல்லதே செய்தது. இன்றும் மில்லி கணக்குப் பார்த்தால் பல பிராண்டுகளில் பாட்டிலைவிட பாக்கெட்டே மலிவு. எனவே வாங்குகிறவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஏன் யாரும் பொறுக்குவதில்லை?

பிளாஸ்டிக் படலங்களை, சிலவற்றில் அலுமினியத் தாளையும் சேர்த்து, ஒட்டிச் செய்த உறை அது. பிரித்து உருக்க எளிய வழியில்லாததால் பழைய இரும்புக் கடையில் அதற்கு விலை கிடையாது. விலையில்லாததைப் பொறுக்க ஆளில்லை. தரம் பிரித்துச் சேகரித்தால் சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாக்கலாம். தப்பியது குப்பைமேட்டுக்குப் போகும். பொன்மலைக்கு அடுத்த அரியமங்கலத்தில் ஏறத்தாழ 47 ஏக்கரில் பரந்த குப்பைக் கிடங்கைத் தோண்டித் தரம் பிரிக்கப் பெரும் பணம் செலவாகியிருக்கிறது. சாக்கடையில் விழுந்தது உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குப் போகும். நகரத்தைத் தாண்டியதும் அதே தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது.

உள்ளே இருப்பதும் கவலைதான்

முகம் தேய்க்கும் ஸ்க்ரப் சிலவற்றில் பிளாஸ்டிக் நுண்மணிகள் இருந்தன. சுத்திகரிப்பு நிலையத்தில் முழுதாக வடிகட்ட முடியாத அளவு சிறியவை அவை. ஆற்றில் கலந்து மீன் வயிற்றுக்குள் போகும். அமெரிக்கா 2015-ல் இவற்றுக்குத் தடைச் சட்டம் இயற்றியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2017-ல் இவற்றை அழகுசாதனங்களுக்குப் பாதுகாப்பற்றவை என வகைப்படுத்தியது. வாங்குமுன் மூலப்பொருள் பட்டியலில் ‘பாலிஎத்திலீன்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

எதை வாங்கலாம்?

நம் ஊர் மாவு மில்களில் சீயக்காய் அரைக்கத் தனி மெஷின் வைத்திருப்பார்கள். சீயக்காயோடு வெந்தயம், பாசிப்பயறு, காய்ந்த எலுமிச்சைத் தோல் சேர்த்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, டப்பாவோடு கொண்டுபோய் அரைத்து வந்தால் சில மாதம் வரும். உறையே இல்லை. அரப்புத் தூளும் அப்படித்தான். முகத்துக்குப் பாசிப்பயறு மாவு போதும். அதற்கு நேரமில்லாதவர்கள் பெரிய பாட்டிலோ தாளில் சுற்றிய ஷாம்பு சோப்போ வாங்கலாம்.

ஆனால் ‘இயற்கை’ என்பதாலேயே எல்லாம் தீங்கற்றவை ஆகிவிடாது. சீயக்காய், பூந்திக்கொட்டை நுரையிலுள்ள சப்போனின் மீனுக்கு ஆகாது. காவிரியின் அம்மா மண்டபம் படித்துறையிலோ வாய்க்காலிலோ எதையும் தேய்த்துக் குளிக்காமல் இருப்பதே நல்லது.

விற்றவருக்கும் பொறுப்பு உண்டு

2022 பிப்ரவரியில் திருத்திய பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், நிறுவனங்கள் சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக் உறைகளுக்கு அவர்களையே பொறுப்பாக்குகின்றன. 2023-24 முதல் இந்தக் கடமை 100 சதவீதம். இது நடக்கக்கூடியதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. எந்த பிராண்டாக இருந்தாலும் காலி பாக்கெட் ஐந்து கொடுத்தால் ஒரு ‘சிக்’ பாக்கெட் இலவசம் என்று அந்த நிறுவனமே ஒரு காலத்தில் திட்டம் நடத்தியது. விற்பனையைப் பெருக்கச் செய்ததுதான். என்றாலும் காலி உறைக்கு ஒரு மதிப்பு வைத்தால் மக்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று அன்றே தெரிந்துவிட்டது. அந்த ஏற்பாட்டை எல்லா நிறுவனங்களும் ஒவ்வொரு மளிகைக் கடையிலும் நிரந்தரமாகச் செய்ய வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை ஒரு ரூபாய் கொடுத்து வாங்குகிறவருக்கும் உண்டு.