சூதின் முன்னறிகுறிகள்

சீட்டாயினும் குதிரைப் பந்தயமாயினும் கைத்தொலைபேசி ஆட்டமாயினும், சூது மனையுட் புகுவது ஓசையின்றியே. வள்ளுவர் அதனைக் கடிய ஓர் அதிகாரமே வகுத்தார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 ஆம் ஆண்டில் அதனை மதுவடிமைத்தனத்தோடு ஒருங்குவைத்து, 9 அறிகுறிகளைக் குறித்தது. ஓராண்டினுள் அவற்றுள் நான்கேனும் காணப்படின் அது நோயெனக் கொள்ளப்படும்.

இழந்ததை மீட்க மறுநாளே மீண்டும் ஆடுதல், பந்தயப் பணத்தை வரவர உயர்த்துதல், நிறுத்த முயன்று இயலாமை, நிறுத்துங்கால் எரிச்சலுறல், பொய்யுரைத்தல், பணமுடைக்குப் பிறர் கையை எதிர்பார்த்தல் ஆகியன அவற்றுட் சில.

கடனை அடைத்துவிட்டால் யாவும் சீராகுமென்று தாலிக்கொடியை அடகுவைக்கும் மனைவியர் உளர். கடன் தீரும், வேட்கை தீராது. ஆதலின், நகையைக் கழற்றுமுன் கணக்கைக் கேளுங்கள். கடிந்துரையாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.