காரைக்காலிலிருந்து கடல் கடந்தோரின் பண்பாட்டுச் சங்கங்கள்: பிரெஞ்சுத் தீவுகளில் மரபுக் காப்பும் மரபுத் தெரிவும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்களின் வழியாக ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பண்பாட்டுச் சங்கங்களை அமைத்துத் தம் மரபைப் பேணத் தொடங்கினர். இச்சங்கங்கள் மீட்டெடுத்த தமிழ் மரபும், முன்னோர் கடற்கரையிலிருந்து கொண்டு சென்ற மரபும் முழுமையாக ஒன்றல்ல என்பதையும், பின்னது சிதைவாகக் கருதப்படாமல் சான்றாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால், ஒப்பந்தக் கூலிமுறை, ரெயூனியன், நாடகம், நாகூர்க் கொடி, பண்பாட்டுச் சங்கம்.

முன்னுரை

காவிரிக் கழிமுகத்தில் அமைந்த காரைக்கால் 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் 1 வரை அவர்தம் ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் பிரித்தானியரின் தஞ்சை மாவட்டம் சூழ்ந்திருக்க, இடையில் ஒரு சிறு பிரெஞ்சு நிலத்துண்டாக அது விளங்கியது. இந்நிலையே அதனைப் புலம்பெயர்வின் வாயிலாக்கியது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள்கள் தேவைப்பட்டனர். பிரித்தானியரின் ஆளுகைக்கு உட்பட்ட உழவுக் கூலிகளைத் திரட்டிக் கப்பலேற்றக் காரைக்கால் வாய்ப்பான துறையாக அமைந்தது. ஆகவே, இவ்வரலாற்றில் காரைக்கால் என்பது பலருக்குப் பிறப்பிடத்தைவிடப் புறப்பாட்டிடமாகவே அமைகிறது. இவ்வேறுபாட்டை மனங்கொள்வது பின்வரும் விளக்கத்திற்கு இன்றியமையாதது.

1. இருவேறு பெயர்வுகள்

காரைக்கால் வழியான பெயர்வை இரண்டாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது, ஒப்பந்தக் கூலிகளின் பெயர்வு. 1860ஆம் ஆண்டு ரெயூனியனுக்கெனச் செய்யப்பட்டு, 1861இல் ஏனைய பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் விரிக்கப்பட்ட ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கை இதற்குச் சட்டவடிவம் தந்தது. ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக்கையும் 1854 இறுதியில் குவாதலூப்பையும் அடைந்தது. ஏறத்தாழ 42,000 பேர் குவாதலூப்பிற்கும், 25,000 பேர் மார்த்தினிக்கிற்கும், ஓரிலட்சத்திற்கு மேற்பட்டோர் ரெயூனியனுக்கும் சென்றனர். இவர்கள் அனைவரும் தமிழரல்லர். எனினும் தமிழர் பெருந்தொகையினர். தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் குறித்த முறையீடுகளால் பிரித்தானிய அரசு 1882இல் ரெயூனியனுக்கான பெயர்வை நிறுத்தியது.

இரண்டாவது, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோரின் பெயர்வு. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றோர் சைகோன் முதலிய இடங்களில் அலுவலராகவும் படைவீரராகவும் பணியாற்றினர். 1962இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தவர்களுள் பலர் பின்னர்ப் பாரிசுப் பகுதியில் குடியேறினர். இவர்கள் ஊருடன் உறவு அறாதவர்கள். திருமணம், வீடு, நிலம் ஆகியவற்றால் காரைக்காலுடன் பிணைந்தவர்கள். முதற்பிரிவினரின் வழித்தோன்றல்களுக்கோ நூறாண்டுக்கும் மேலாக ஊருடன் தொடர்பே இல்லை. ஆதலின் முதற்பிரிவினரின் சங்கங்களே இங்கு ஆய்வுக்குரியனவாகின்றன.

2. சங்கங்களுக்கு முன் மரபு நிலைத்த இடங்கள்

சங்கங்கள் தோன்றுவதற்கு முன் மரபைக் காத்தவை தோட்டங்களை ஒட்டிய சிறு கோயில்களும், பூசாரிகளும், நாடகக் குழுக்களும் ஆகும். மாரியம்மன், மதுரைவீரன், முனீசுவரன், காளி, பாஞ்சாலி ஆகியோர் வழிபாடு பெற்றனர். ரெயூனியனில் பாஞ்சாலிக்குத் தீமிதி நடைபெற்றது. பலியும் படையலும் தப்பொலியும் வழிபாட்டின் உறுப்புகளாக இருந்தன. பேச்சுத்தமிழ் மறைந்த பின்னும் வழிபாட்டுத்தமிழ் நின்றது. பொருள் தெளிவாக அறியப்படாத நிலையிலும் பாடல்கள் பாடப்பட்டன.

இவற்றுள் கழிமுகக் கரையின் தடம் மிகத் துலக்கமாகத் தெரிவது நாகூர்க் கொடியிலாகும். காரைக்காலுக்குத் தெற்கே அண்மையிலுள்ள நாகூரில் அடங்கிய சாகுல் அமீது ஆண்டகை கடலோடிகளின் காவலராகப் போற்றப்படுபவர். மார்த்தினிக்கில் மாரியம்மன் வழிபாட்டினூடே அவர் ‘நகுர்மிரா’ என அழைக்கப்பட்டு, அவருக்கெனக் கொடி ஏற்றப்படுகிறது. ரெயூனியனின் இந்துக் கோயில் வளாகங்களில் ‘நார்குலான்’ எனும் கொடிமரம் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. இந்து, இசுலாமிய வழிபாட்டு எல்லைகள் ஒன்றையொன்று ஊடறுத்த கடற்கரைச் சமயவாழ்வு, கடல் கடந்து கோயில் முற்றத்திலேயே நிலைபெற்றமைக்கு இது சான்றாகும்.

3. சொல்வழிச் சான்றுகள்

தீவுகளின் கிரியோல் மொழியில் வழங்கும் தமிழ்ச்சொற்கள் ‘மழுங்கிய’ வடிவங்களாகவே பெரும்பாலும் நோக்கப்படுகின்றன. கூர்ந்து நோக்கின் அவை பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேச்சொலியின் பதிவுகளாகும். ரெயூனியனில் ‘நாடகம்’ என்பது ‘நார்ல்கோன்’ எனவும், ‘வாத்தியார்’ என்பது ‘வார்த்தியால்’ எனவும், ‘காளி’ என்பது ‘கார்லி’ எனவும் எழுதப்படுகின்றன. குவாதலூப்பில் மத்தளம் ‘மத்தலோன்’ ஆகிறது. வைத்திலிங்கம் என்னும் பெயரும் இவ்வாறே ‘ஓன்’ என முடியும் எழுத்துருவில் காணப்படுகிறது.

இவ்வடிவங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. எழுத்துத்தமிழின் ‘அம்’ ஈறு பேச்சில் மூக்கின உயிராக ஒலிப்பது இயல்பு. பிரெஞ்சு எழுத்தர் அதனைத் தம் மொழியின் மூக்கின உயிருக்குரிய எழுத்துகளால் குறித்தனர். நெடிலை அடுத்து வரும் ரகரத்தை, நெடிலின் நீட்சியையும் அடுத்துள்ள நாமடி ஒலியையும் காட்டும் முயற்சி எனக் கொள்ள இடமுண்டு. ஊறுகாய் என்பதன் திரிபாகக் கருதப்படும் ‘ருகாய்’ ரெயூனியனின் அன்றாடத் துணைக்கறியாகிவிட்டது. முருங்கை ‘முருங்’ என வழங்குகிறது.

பெயர்முறையும் கருதத்தக்கது. தனியொருவரின் பெயராக இருந்த ராமசாமி, முத்துசாமி ஆகியன பிரெஞ்சுப் பதிவேட்டில் குடும்பப் பெயர்களாக நிலைபெற்றன. குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எர்னஸ்ட் முத்துசாமியின் பெயர் இதற்கு எடுத்துக்காட்டு. தந்தை பெயரைத் தலையெழுத்தாகக் கொள்ளும் வழக்கம் அங்கு அறுந்தது. ஆயினும் கப்பலேறிய மூதாதையின் பெயர் தலைமுறைதோறும் வாழ்கிறது.

4. சங்கங்களின் எழுச்சி

பண்பாட்டுரிமைக்கு முன்னர் குடியுரிமை தேவைப்பட்டது. குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் (1863-1952), இந்திய வழித்தோன்றல்களின் வாக்குரிமைக்காக 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் பயன் தந்தது. 1946இல் மூன்று தீவுகளும் பிரெஞ்சு மாவட்டங்களாயின. 1901ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சங்கச் சட்டம் பண்பாட்டுச் சங்கங்களுக்கும் கோயில் நிருவாகத்திற்கும் உரிய சட்டவடிவத்தை வழங்கியது.

ரெயூனியனில் 1960களின் பிற்பகுதி தொடங்கித் தமிழ் மன்றங்கள் தோன்றின. பின்னர் அவை கூட்டமைப்பாகவும் இணைந்தன. தமிழ் வகுப்பு, நடனம், இசை, தைப்பூசக் காவடி, தீபாவளி ஆகியவற்றை அவை பொதுவெளிக்குக் கொணர்ந்தன. தமிழகச் சிற்பிகளைக் கொண்டு கோபுரங்கள் எழுப்பப்பட்டன, குருக்கள் வரவழைக்கப்பட்டனர். பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளித் தேர்வில் தமிழ் விருப்பப் பாடமாக இடம்பெற்றது. குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் இந்தியர் வருகையின் 150ஆம் ஆண்டு நினைவு முறையே 2004, 2003ஆம் ஆண்டுகளில் கொண்டாடப்பட்டது. ‘கூலி’, ‘மலபார்’ என இழிவாகச் சுட்டப்பட்ட ஒரு மக்கள்திரள் தன்னைத் ‘தமிழர்’, ‘இந்தியர்’ எனத் தலைநிமிர்ந்து கூற முடிந்தமை இச்சங்கங்களின் பெரும்பணியாகும்.

5. காப்பும் தெரிவும்

இப்பணியின் ஊடே ஒரு சிக்கலும் எழுந்தது. சங்கங்கள் முன்மாதிரியாகக் கொண்டது ஆகமநெறிப்பட்ட கோயில் வழிபாட்டையும் பள்ளியில் கற்பிக்கப்படும் செந்தரத் தமிழையும் ஆகும். அவ்வளவுகோலின்படி உயிர்ப்பலியும் தப்பும் பூசாரியின் அருள்வாக்கும் நாகூர்க் கொடியும் விலக்கத்தக்கனவாக, அல்லது வெளிப்படப் பேசத் தயங்கத்தக்கனவாகத் தோன்றின. ழான் பெனுவா முதலிய மானிடவியலாளர் ரெயூனியன் சமயவாழ்வில் தோட்டக் கோயில் மரபும் சீர்திருத்த மரபும் அருகருகே இயங்குவதை விரிவாக எடுத்துரைத்துள்ளனர். சில குடும்பங்கள் இரண்டிலும் பங்கேற்கின்றன. பெருங்கோயிலில் சைவப் படையலும் வீட்டுக் கோயிலில் பலியும் நிகழ்கின்றன.

மொழியிலும் இதே நிலை உண்டு. ‘காளி’ எனக் கற்ற இளந்தலைமுறைக்குப் பாட்டனின் ‘கார்லி’ பிழையாகத் தோன்றக்கூடும். இரவு முழுவதும் பாரதக் கதையை நடித்த ‘நார்ல்கோன்’ வாத்தியார்கள் தமிழ் எழுத்தறியாதபோது ரோமன் எழுத்தில் பாடல்களைக் குறித்து வைத்தனர். அவ்வேடுகளைத் திருத்தப்பட வேண்டிய பிழைப்பிரதிகளாகக் கொண்டால், கழிமுகப் பகுதியின் நூற்றாண்டுப் பழமையான பாடமும் ஒலியும் அவற்றோடு மறையும். மரபைக் காக்க முனையும் செயலே மரபின் ஒருபகுதியை அழிக்கும் முரண் இங்கு உருவாகிறது.

இதனைச் சங்கங்களின் குறையாக மட்டும் கொள்வது நேர்மையன்று. இழிவுக்குள்ளான ஒரு சமூகம் தனக்கு மதிப்புத் தரும் வடிவத்தைத் தேடியது. தமிழகம் அவர்களுக்கு வழங்கியதும் அவ்வடிவமே. நாட்டார் மரபைத் தன் மண்ணிலேயே நெடுங்காலம் இரண்டாம் நிலையில் வைத்த தமிழ்ப் புலமையுலகிற்கும் இதில் பங்குண்டு.

முடிவுரை

காரைக்கால் வழியாகச் சென்றோரின் மரபு, சங்கங்கள் அமைவதற்கு முன்பே உழைக்கும் மக்களின் உடலிலும் குரலிலும் காக்கப்பட்டிருந்தது. சங்கங்கள் அதற்கு மதிப்பையும் சட்டவடிவத்தையும் எழுத்தறிவையும் சேர்த்தன. அதே வேளையில் எது தமிழ் மரபு என்பதையும் தெரிவு செய்தன. நாடக ஏடுகள், கொடியேற்று வழிபாடு, கிரியோல் தமிழ்ச்சொற்கள், வந்தேறியோரின் பெயரும் ஊரும் குறித்த பதிவேடுகள் ஆகியவற்றைத் தஞ்சை, நாகை, காரைக்கால் பகுதிகளின் வழக்காறுகளோடு ஒப்பிட்டு ஆராய்வது தமிழ்த்துறைகளின் கடமையாகும். அவ்வாறு ஆராயும்போது தீவுத் தமிழர் மரபைப் பெறுவோராக மட்டுமின்றி, தாயகம் மறந்தவற்றைத் திருப்பித் தருவோராகவும் விளங்குவர்.