விழுந்து முளைக்கிற பல்லுக்கு 4,000 ரூபாய் செலவா? ஒரு ஆடிட்டர் அப்பா தப்பாப் போட்ட கணக்கு



போன மே மாசம் லீவுக்கு முக்கூடல்ல அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். ரெண்டாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்குப் பாப்பா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சா. வயசு ஏழு. கீழ் வரிசையில, வலது பக்கம், கடைசிப் பால் கடவாய்ப்பல். கிராம்பு, உப்புத்தண்ணி என்று அம்மா கைவைத்தியம் எல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணும் கேட்கலை. விடிஞ்சதும் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டு ஓடினோம்.

சொத்தை வேர் வரைக்கும் இறங்கி சீழ் பிடிச்சிருந்தது. பல்லை எடுத்துட்டாங்க. அதோட முடிஞ்சதுன்னு எழுந்தப்போ டாக்டர் சொன்னார்: "இந்த இடத்துல ஸ்பேஸ் மெயின்டெய்னர் ஒண்ணு வெச்சிடணும் சார். 4,000 ரூபாய் ஆகும். ரொம்ப நாள் தள்ளாதீங்க."

நான் தினமும் அடுத்தவங்க செலவைத் தணிக்கை பண்றவன். உடனே மனசு கணக்குப் போட்டுச்சு: விழுந்து முளைக்கப் போற பல்லுதானே? "சென்னை போய்ப் பார்த்துக்கிறேன் டாக்டர்" என்று சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவும் அதையேதான் கேட்டாங்க: "மொளைக்கப் போற பல்லுக்கு எதுக்குய்யா இம்புட்டு துட்டு?"

அம்மா அப்படிக் கேட்டதுல எனக்கு ஆச்சரியமே இல்லை. முக்கூடல் பீடிக்குப் பேர் போன ஊர். அம்மாவும் பீடி சுத்தித்தான் எங்களை வளர்த்தாங்க. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போனா பஸ் காசு, டாக்டர் காசு, அதுக்கு மேல அன்னிக்குக் கூலியும் போச்சு. எனக்கு எட்டு வயசுல பால் கடவாய்ப்பல் ஒண்ணை எடுத்தப்போ, வலி நின்னதே பெரிசுன்னு விட்டுட்டாங்க. அவங்க வரவு செலவுக்கு அது சரியான முடிவுதான்.

எனக்கு 28 வயசுல பல் வரிசை கோணலுக்கு பிரேஸ் போட்டேன். 18 மாசம் இ.எம்.ஐ. கட்டினேன். அந்த ஒரு பல்லாலதான் கோணிச்சுன்னு இப்போ அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சென்னைக்கு வந்து ரெண்டு மாசம் சும்மா இருந்த பிறகு, ஒருநாள் பல் தேய்க்கும்போது கண்ணாடியில என் பல்லைப் பார்த்தேன். அன்னிக்கு சாயங்காலமே பாப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். அந்த டாக்டர் அளந்து பார்த்துட்டுச் சொன்னார்: "இடைவெளி ஏற்கெனவே ஒன்றரை மில்லிமீட்டர் குறைஞ்சிருக்கு."

4,000 ரூபாயை மிச்சம் பிடிச்சதா நினைச்ச அந்த ரெண்டு மாசத்துல நடந்தது இதுதான்.

பஸ்ஸுல துண்டு போடுற கதை

பண்டிகை நேரத்துல திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல பார்த்திருப்பீங்க. பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியா சீட்டுல துண்டைப் போட்டுட்டு, ஆள் நிதானமா டீ குடிச்சுட்டு வருவார். பால் கடவாய்ப்பல் அந்தத் துண்டு மாதிரி. கீழே எலும்புக்குள்ள நிரந்தரப் பல் உருவாகிக்கிட்டு இருக்கும். அது வந்து உட்காரும் வரைக்கும் பால்பல் இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும்.

குழந்தைக்குப் பால்பல் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயசுல விழும். கடவாய்ப் பால்பற்கள் 9-லிருந்து 12 வயசு வரைக்கும் இருக்கணும். ஏழு வயசுல ஒண்ணு போயிட்டா, அந்த சீட்டு மூணு நாலு வருஷம் காலியாக் கிடக்கும்.

இன்னொரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏறக்குறைய 6 வயசுல, பால்பற்களுக்குப் பின்னாடி ஒரு பெரிய கடவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாம முளைக்கிறதால அதையும் பால்பல்லுன்னு நினைச்சுடுவோம். அது நிரந்தரப் பல். முன்னாடி இருக்கிற பால்பல் போயிட்டா, இது காலி இடத்தைப் பார்த்து முன்னாடி சாய ஆரம்பிக்கும். அப்புறம் உரிய பல் வரும்போது சீட் இருக்காது. உள்ளேயே மாட்டிக்கும், இல்லை கோணலா வெளியே வரும்.

இந்த நகர்வுல பெரும்பகுதி பல்லை எடுத்த முதல் 6 மாசத்துக்குள்ளேயே நடந்துடுதுன்னு பல் மருத்துவம் சொல்லுது. "அடுத்த போனஸ் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று இந்தச் செலவைத் தள்ளிப்போட முடியாததுக்கு இதுதான் காரணம்.

ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்பது எளிமையான சாமான். பக்கத்துப் பல்லைச் சுத்தி ஒரு ஸ்டீல் வளையம், அதுல இருந்து காலி இடத்தைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு கம்பி. பெரும்பாலும் ரெண்டு தடவை போகணும். முதல் தடவை அளவு எடுப்பாங்க, லேப்ல செஞ்சு வந்ததும் அடுத்த தடவை சிமென்ட் வெச்சு ஒட்டுவாங்க. ரெண்டு பக்கமும் பல் போயிருந்தா, உள்பக்கமா வளைஞ்சு போற கம்பி வைப்பாங்க.

எல்லா குழந்தைக்கும் தேவையா? இல்லை

இதையும் சொல்லியே ஆகணும். பல் போச்சுன்னா உடனே இது கட்டாயம்னு அர்த்தம் இல்லை.

- முன்பல் சீக்கிரம் விழுந்தா, இடம் பிடிக்கிறதுக்காகப் பொதுவா இது தேவைப்படாது.
- எக்ஸ்ரேயில புதுப் பல்லோட வேர் நல்லா வளர்ந்து, மேலே எலும்பு மெலிசா இருந்தா, பல் சீக்கிரமே வந்துடும். காத்திருந்தாலே போதும்.
- கீழே நிரந்தரப் பல்லே உருவாகலைன்னா திட்டமே வேற.
- எந்தப் பல் போச்சு என்பதும் முக்கியம். ரெண்டு பால் கடவாய்ப்பல்லுல, பின்னாடி இருக்கிறது போறதுதான் ரொம்ப சிக்கல். முன்னாடி இருக்கிறது, அதுவும் 6 வயசுப் பல் நல்லா முளைச்ச பிறகு போனா, இட இழப்பு பெரும்பாலும் குறைவு.

அதனால எக்ஸ்ரே பார்க்காம "வெச்சுடலாம்" என்று சொன்னாலும் சரி, "வேண்டாம்" என்று சொன்னாலும் சரி, ஏன்னு கேளுங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

எனக்குச் சொன்ன தொகைகளை வெச்சுப் போடுறேன். உங்க ஊர்ல, உங்க கிளினிக்குல மாறும்.

- எக்ஸ்ரே: 300
- கருவி: 4,000
- நாலு வருஷத்துக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு செக்கப், தடவைக்கு 300: 2,400
- நடுவுல ஒருதடவை கழண்டு மறுபடி ஒட்ட: 500

மொத்தம் 7,200 ரூபாய். 48 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 150.

இந்தப் பக்கம் பிரேஸ் 45,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 7,200-ஐ 45,000-ஆல வகுத்தா 16 சதவீதம். அதாவது, உங்க குழந்தை மாதிரி நிலைமையில இருக்கிற 100 பேர்ல 16 பேருக்காவது இந்தக் கருவி பின்னாடி பிரேஸ் செலவைத் தவிர்க்கும்னா, பணக்கணக்குலயே இது நஷ்டம் இல்லை. செக்கப் எப்படியும் போக வேண்டியதுதான்னு அந்த 2,400-ஐக் கழிச்சுட்டா, 11 பேருக்குத் தவிர்த்தாலே போதும்.

ஆனா இதை வெச்சுட்டா பிரேஸே வேண்டாம்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தாடை சின்னது, பல் பெரிசுன்னா நெருக்கம் எப்படியும் வரும். "இவளுக்கு இந்த இடம் போனா எவ்வளவு பாதிப்பு?" என்று டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. அவர் பதிலை இந்த 16-ஓட ஒப்பிட்டுப் பாருங்க. முடிவு எடுக்கிறது சுலபமாகும்.

இன்சூரன்ஸ் தருமா? வரியில கழியுமா?

எனக்கு அதிகம் வர்ற கேள்வி இதுதான். சுருக்கமாச் சொல்றேன்.

ஹெல்த் இன்சூரன்ஸ்: வழக்கமான பாலிசியில, ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகாம செய்யுற பல் சிகிச்சைக்குப் பணம் வராது. ஓ.பி.டி. அல்லது டென்டல் கவர் தனியா இருந்தாத்தான் உண்டு. சில கம்பெனி குரூப் பாலிசியில அது இருக்கும், வருஷத்துக்கு ஒரு வரம்போட. எச்.ஆர்.கிட்ட "டென்டல் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீங்க. "குழந்தைகளுக்கு உண்டா, ஸ்பேஸ் மெயின்டெய்னர் விலக்குப் பட்டியல்ல இருக்கா?" என்று மெயில்ல கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

80டி: இதுல கழியுறது பிரீமியமும் (உங்களுக்கும் மனைவி அல்லது கணவர், குழந்தைகளுக்கும் சேர்த்து 25,000 வரை), அதுக்குள்ளேயே 5,000 வரை முன்தடுப்புப் பரிசோதனையும்தான். குழந்தையோட சிகிச்சை பில் இதுல வராது. சிகிச்சைச் செலவைக் கழிக்கிற சலுகை, இன்சூரன்ஸ் இல்லாத 60 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு மட்டும். புது வரி முறையில இருந்தா 80டி-யே கிடையாது.

மெடிக்கல் பில்: "ஆபீஸ்ல பில் குடுத்தா 15,000 வரைக்கும் வரி இல்லையே" என்று சீனியர் யாராவது சொல்வாங்க. 2018-19 நிதியாண்டுலயே அதை எடுத்துட்டு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கொண்டு வந்தாச்சு.

ஜி.எஸ்.டி.: மருத்துவ சிகிச்சைக்கு விலக்கு இருக்கு. அழகுக்காக இல்லாம, சிகிச்சைக்காகச் செய்யுற இதுவும் அதுல அடங்கும். பில்லுல 18 சதவீதம் தனியாப் போட்டிருந்தா எதுக்குன்னு கேளுங்க.

ஆக, இது முழுக்க நம்ம பாக்கெட் செலவு. அதுக்குத் தயாராகிற வழியும் நம்மகிட்டதான் இருக்கு.

செலவைக் குறைக்க நியாயமான வழிகள்

முதல் வழி, பால்பல்லையே காப்பாத்துறது. அதைவிட நல்ல ஸ்பேஸ் மெயின்டெய்னர் கிடையாது. சொத்தை சின்னதா இருக்கும்போதே அடைச்சுட்டா செலவு சில நூறுகள்ல முடியும். வேர் வரைக்கும் போனாலும் சில பற்களை வேர் சிகிச்சை பண்ணி, ஸ்டீல் தொப்பி போட்டு நிறுத்தலாம். எடுக்கிறதுக்கு முன்னாடி "காப்பாத்த வழி இருக்கா?" என்று கேளுங்க. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், 3 வயசுக்குள்ள அரிசி அளவு, 3-லிருந்து 6 வரைக்கும் பட்டாணி அளவு. ராத்திரி தேய்ச்ச பிறகு பால், பிஸ்கட் வேண்டாம். இதுக்கு மேல மலிவான முதலீடு எனக்குத் தெரியாது.

ரெண்டாவது, அரசு வசதி. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில பல் பிரிவு இருக்கு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில அரசு பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் பொதுவா கிளினிக்கைவிடக் கம்மியா வாங்குவாங்க. சம்பளம் 21,000-க்குள்ள இருந்து ஈ.எஸ்.ஐ. பிடிச்சா, குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. எந்தெந்தப் பல் சிகிச்சை கிடைக்கும்னு உங்க டிஸ்பென்சரியில கேளுங்க. அரசுப் பள்ளி, அங்கன்வாடிக்கு வர்ற ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பார்க்க வேண்டிய பட்டியல்ல பல் சொத்தையும் இருக்கு. அவங்க எழுதித் தர்ற சீட்டைத் தூக்கிப் போடாதீங்க.

மூணாவது, மாசம் 500 ரூபாய் ஆர்.டி. வருஷத்துக்கு 6,000. "பல் ஃபண்டு" என்று பேர் வெச்சு, வேற எதுக்கும் தொடாதீங்க. எனக்கு அன்னிக்குத் திருநெல்வேலியில 4,000 ரூபாய் இல்லாம இல்லை. லீவு பட்ஜெட்ல அதுக்கு இடம் ஒதுக்கலை, அதனாலதான் மனசு வரலை.

டாக்டர்கிட்ட கேட்க அஞ்சு கேள்வி

1. இந்தப் பல்லைக் காப்பாத்த முடியாதா?
2. கீழே நிரந்தரப் பல் இருக்கா? வர எவ்வளவு காலம் ஆகும்?
3. வைக்கலைன்னா இவளுக்கு என்ன ஆகும்?
4. கழண்டா, உடைஞ்சா மறுபடி ஒட்ட எவ்வளவு?
5. எப்போ எடுக்கணும்?

அஞ்சாவதை மறக்காதீங்க. புதுப் பல் எட்டிப் பார்க்கும்போது இதைக் கழட்டிடணும். வெச்சதோட மறந்துட்டா, வளையத்துக்கு அடியில சிமென்ட் கரைஞ்சு, நல்லா இருக்கிற பல்லும் சொத்தையாகலாம். கம்பி இருக்கிற வரைக்கும் கடலை மிட்டாய், சவ்வு மிட்டாய்க்கு லீவு.

கடைசியா

பாப்பாவுக்கு வெச்சாச்சு. இடம் கொஞ்சம் குறைஞ்சிருந்தாலும் புதுப் பல்லுக்கு இப்போதைக்குப் போதும்னு டாக்டர் சொன்னார். இன்னும் குறைஞ்சிருந்தா, சாய்ஞ்ச பல்லைப் பின்னாடி தள்ள வேற கருவி, கூடுதல் செலவு. அவளுக்கு பிரேஸ் தேவையா இல்லையான்னு இன்னும் நாலு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். என்னால முடிஞ்சது, அந்த சீட்டுல துண்டைப் போட்டு வெச்சது மட்டும்தான்.

போன வாரம் வீடியோ கால்ல பாப்பா வாயைத் திறந்து ஆச்சிக்குக் கம்பியைக் காட்டினா. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு என்கிட்ட கேட்டாங்க: "ஒனக்கும் அப்பமே இதைப் போட்டிருக்கணுமோய்யா?"

"அப்போ யாரும்மா நமக்குச் சொன்னா?" என்றேன். உங்களுக்கு இப்போ சொல்லியாச்சு. இன்னிக்கு ராத்திரி பல் தேய்க்கும்போது, உங்க வீட்டுக் குட்டியோட வாயை டார்ச் அடிச்சு ஒருதடவை பாருங்க.

அடுத்த வாரம் ஓ.பி.டி. கவர் எடுக்கலாமா வேண்டாமான்னு வீடியோல கணக்குப் போட்டுப் பார்ப்போம்.