குளிர்காலையில் டிராக்டரின் ஹைட்ராலிக்

கம்பம் பள்ளத்தாக்கிலே பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். இரண்டாம் போகத்துச் சேற்றுழவு மார்கழியை ஒட்டி வருகின்றது. மலைப்பனி இறங்கும் அக்காலத்தில், விடியலிற் கிளப்பிய டிராக்டர் கலப்பையைத் தூக்க மாட்டாது ஊளையிடுவதை நம் மாணவரிற் பலர் தம் வயல்களிற் கேட்டிருப்பர்.

இதற்குக் காரணம் யாதெனின், குளிர்ந்த எண்ணெய் தடிக்கும். 40 டிகிரி உஷ்ணத்தில் 68 என்னும் பிசுபிசுப்பளவுடைய எண்ணெய், 20 டிகிரியில் ஏறக்குறைய மும்மடங்கு தடித்துவிடும். பம்பு அதனை உறிஞ்சத் திணறுங்கால் நுண்ணிய குமிழ்கள் தோன்றி, அழுத்தம் மிக்க பக்கத்தை அடைந்ததும் உடைந்து உலோகத்தை அரிக்கின்றன. ஊளை அதன் ஓசையே.

ஐரோப்பியக் குளிர் இங்கில்லையே என்பார் உளர். உண்மைதான்; நம் ஊரில் குளிரினும் பெரும்பகை சேற்றுநீர். பல டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் எண்ணெய் ஒன்றே. அச்சின் ஸீல் தேய்ந்திருப்பின் வயல்நீர் அதனுட் புகும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்ததென்று அறிக. இரவு முழுதும் நின்ற வண்டியில் அந்நீரின் ஒரு பகுதி அடியில் தங்குமாதலால், கிளப்புமுன் அடித்திருகைச் சற்றே தளர்த்திப் பார்த்தல் நன்று. வெளுத்த எண்ணெயை முற்றும் வடித்து மாற்றுக. ஸீலைப் புதுப்பிக்காவிடில் அச்செலவு வீணாகும். வடிகட்டியையும் உடன் சுத்தம் செய்க.

மாலையில் கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டே வண்டியை நிறுத்துக. காலையில் எஞ்சினை ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, கலப்பையைப் பாதியளவு நாலைந்து முறை மெல்ல ஏற்றியிறக்கி, எண்ணெய் இளகியபின் வயலில் இறங்குக. ஊளை கேட்டதும் எஞ்சினை முடுக்குவோர் பம்பைத்தான் கெடுக்கின்றனர்.